பக்கத்து இருக்கையில் யார்? – வாசகர் கேள்வி பதில்

சம்பா அறுவடை தொடங்கியதும் லாரிகளைப் பற்றிய கடிதங்கள் கூடுதலாக வருவது வழக்கம். இந்த முறை வந்தவற்றில் பல ஒரே கவலையைச் சுற்றி எழுதப்பட்டிருந்தன. ஆகையால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, புதிதாக லாரி ஓட்ட வரும் இளைஞர்களின் பயிற்சியைப் பற்றிய கடிதங்களுக்கு மட்டும் இங்கே விடையளிக்கிறேன். நான் 4 ஆண்டுகள் கிளீனராகவும் 28 ஆண்டுகள் ஓட்டுநராகவும் லாரியில் இருந்தவன். சட்டத்தைப் பற்றி நான் சொல்வது படித்து அறிந்தது. மற்றவை சாலையில் கற்றவை.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. பட்டயப் படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் இருந்தவன், சென்ற மாதம் கனரக வாகன உரிமம் வாங்கினான். பயிற்சிப் பள்ளியில் நான்கைந்து பேரோடு சேர்ந்து, நாளுக்குப் பத்து நிமிடமோ கால் மணி நேரமோ காலி வண்டியை ஓட்டியதாகச் சொல்கிறான். இப்போது ஒரு லாரி முதலாளி, அடுத்த வாரமே அரிசி லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குத் தனியாகப் போகச் சொல்கிறார். “லைசென்ஸ்தான் இருக்கிறதே அம்மா” என்கிறான் மகன். அனுப்பலாமா?
– ஒரு தாய், திருத்துறைப்பூண்டி

பதில்: அம்மா, அடுத்த வாரம் அனுப்ப வேண்டாம். மூத்த ஓட்டுநர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அனுப்ப அந்த முதலாளி சம்மதித்தால் மட்டும் அனுப்புங்கள். உங்கள் மகனின் திறமையைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. அவனுக்கு இதுவரை யாரும் லாரி ஓட்டக் கற்றுக்கொடுக்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

கையில் இருக்கும் உரிமம் எதற்குச் சான்று என்பதை முதலில் பார்த்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்து வாகனம் ஓட்டுவதற்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். அதன் பிறகே கனரக வாகனத்துக்கான பழகுநர் உரிமம் கிடைக்கும். போக்குவரத்து வாகனப் பயிற்சி குறைந்தது 30 நாட்கள் நடக்க வேண்டும் என்றும், அதற்குள் மாணவர் தம் கையால் வண்டி ஓட்டும் நேரம் 15 மணிக்குக் குறையக் கூடாது என்றும் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பயிற்சிப் பள்ளிகளுக்குக் கட்டளையிடுகின்றன. உங்கள் மகன் சொல்லும் கணக்கைப் பார்த்தால் அந்த 15 மணி நேரம்கூட அவனுக்குக் கிடைத்திருக்க வழியில்லை. முழுதாகக் கிடைத்திருந்தாலும், உங்கள் ஊரிலிருந்து லோடு லாரி பெங்களூருக்குப் போய்த் திரும்புவதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். சட்டம் கேட்கும் மொத்தப் பயிற்சியும் ஒரு நடைக்குப் போதாது என்பதே இதன் பொருள்.

2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி அங்கீகாரம் பெறும் ஓட்டுநர் பயிற்சி மையங்களில், கனரக வாகனத்துக்கு 6 வாரங்களில் 38 மணி நேரப் பாடம் உண்டு. குறைந்தது 2 ஏக்கர் நிலமும், அசல் வண்டியைப் போலவே இயங்கும் பயிற்சிக் கருவியும் அந்த மையங்களுக்கு இருக்க வேண்டும். இது நல்ல முன்னேற்றம். ஆனால் அங்கே படித்து வந்தாலும், உரிமம் கைக்கு வந்த மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நம் சட்டத்தில் விடை இல்லை. புதிய ஓட்டுநர் இத்தனை மாதங்கள் ஒரு மூத்தவரின் கண்காணிப்பில் ஓட்ட வேண்டும் என்ற ஏற்பாடு இங்கே கிடையாது. பெட்ரோல், எரிவாயு போன்ற ஆபத்தான சரக்குகளை ஏற்றுவதற்குத்தான் தனிப் பயிற்சி முடித்து உரிமத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அரிசிக்கும் நெல்லுக்கும் அப்படி எதுவும் வேண்டியதில்லை.

காலி வண்டியும் லோடு வண்டியும் பெயரளவில்தான் ஒன்று. 40 கிலோ நெல் மூட்டைகள் 400 ஏற்றினால் 16 டன். அந்த எடை பின்னாலிருந்து தள்ளும்போது, காலி வண்டியில் பிரேக் மிதித்துப் பழகிய கால் ஏமாந்துபோகும். நிற்கும் என்று நினைத்த இடத்தில் வண்டி நிற்காது. வளைவில் மூட்டை அடுக்கு ஒரு பக்கம் சாய இழுக்கும். ஏற்றத்தில் கியரைத் தவறவிட்டால் மறுபடி போடுவதற்குள் வண்டி பின்வாங்கும். இவற்றில் எதையும் உங்கள் மகன் தன் உடம்பால் உணர்ந்ததில்லை. பெரும்பாலான பள்ளிகளில் பயிற்சியும் காலி வண்டியில்தான், ஆர்.டி.ஓ. அலுவலகத் தேர்வும் காலி வண்டியில்தான்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய இன்னொரு குறையும் உண்டு; அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். டெல்டா முழுவதும் சமதரை. ஆற்றுப் பாலத்தின் ஏற்றம்தான் நாம் அறிந்த ஏற்றம். இங்கே கற்ற ஒருவன் பெங்களூருக்குப் போகும்போது சேலம் தாண்டித் தொப்பூர் கணவாயை ஏறிக் கடந்துவிடுவான். ஏற்றம் என்பதால் வேகம் தானாகவே குறைந்து, பெரிய ஆபத்து தெரியாது. திரும்பி வரும்போது அதே கணவாய் நீண்ட இறக்கமாக இருக்கும். வழியில் சரியாகத் தூங்காத உடம்பு, முதுகில் திரும்பு லோடு, சீக்கிரம் வந்து சேரச் சொல்லி வரும் தொலைபேசி அழைப்புகள். பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போன லாரிகள் முன்னே போகும் கார்களின் மேல் ஏறிய செய்திகளை அந்த இடத்திலிருந்து நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! வாழ்நாளில் முதல் மலை இறக்கத்தை ஒரு பிள்ளை இரவில், தனியாக, லோடோடு சந்திக்கக் கூடாது.

நான் கற்ற விதத்தைச் சொல்கிறேன். கிளீனராகச் சேர்ந்த முதல் ஆண்டில் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. டயரைச் சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்டுக் காற்றின் அளவைச் சொல்லவும், தார்ப்பாயை மடித்துக் கட்டவும், கயிற்றை முடுக்கவும், வண்டி நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை போடவும் கற்றேன். ஆனால் இரவு முழுவதும் விழித்திருந்து, வண்டி ஓட்டிய மூத்த ஓட்டுநர் அண்ணன் எந்த இடத்தில் கியரைக் குறைக்கிறார், எதிரே வரும் விளக்கைப் பார்த்து எப்போது ஒதுங்குகிறார் என்பதைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஸ்டியரிங் என் கைக்கு வந்தபோது பாதிச் சாலை எனக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்தப் பக்கத்து இருக்கைதான் எங்கள் பள்ளிக்கூடம். இப்போது டீசல், சுங்கக் கட்டணம், காப்பீடு என்று செலவு ஏறிக்கொண்டே போக, முதலாளிகள் முதலில் குறைத்தது கிளீனர் சம்பளத்தைத்தான். தேசிய பர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்று முன்பு இருந்த விதியும் பின்னர் தளர்த்தப்பட்டது. இருக்கை காலியானது, அதற்கு ஈடாக வேறொரு பள்ளிக்கூடத்தை யாரும் கட்டவில்லை.

முதலாளியிடம் உங்கள் மகனே போய்ப் பேசட்டும். முதல் மூன்று வெளியூர் நடைகளுக்கு அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவர் உடன் வர வேண்டும். அவற்றில் ஒன்றாவது மலைப்பாதை இறக்கம் உள்ள வழியாக இருக்க வேண்டும். இரவு ஓட்டம் அதற்குப் பிறகுதான் என்று கேட்கட்டும். இதைக் கேட்பது கோழைத்தனம் என்று அவன் நினைக்கக்கூடும். நல்ல முதலாளி இப்படிக் கேட்கும் பிள்ளையை நம்புவார். மறுத்தால் அந்த வேலை வேண்டாம். கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு நெல் ஏற்றும் உள்ளூர் லாரிகளில் அறுவடை முடியும் வரை ஆள் தேவைப்படும். அங்கே லோடு வண்டியில் கை பழகட்டும்.

கேள்வி: எனக்கு மூன்று லாரிகள். ஓட்டுநர் கிடைப்பது அரிதாகிவிட்டது. கிடைப்பவர்களும் புதியவர்களாக இருக்கிறார்கள். ஒரு வண்டிக்கு இரண்டு பேர் போட்டால் சம்பளமும் பேட்டாவும் இரட்டிப்பாகிறது. பயிற்சி கொடுத்த பிறகு அந்தப் பையன் வேறு முதலாளியிடம் போய்விட்டால் நஷ்டம் எனக்குத்தானே? நீங்கள் முதலாளிகளை மட்டும் குறை சொல்வது சரியா?
– லாரி உரிமையாளர், பாபநாசம்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் உள்ள வருத்தம் நியாயமானது. மூன்று லாரி வைத்திருப்பவர் தவணை கட்டுவதற்கே எவ்வளவு பாடுபடுகிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் புதியவரைத் தனியாக அனுப்புவது உங்களுக்கு மலிவு என்ற கணக்கை நான் ஏற்க மாட்டேன். கிளட்ச் தகடு எரிவது, டயர் ஒரு பக்கமாகத் தேய்வது, கிடங்கின் தூணில் பின்பக்கம் இடிப்பது, டீசல் கூடுதலாகக் குடிப்பது ஆகிய எல்லாமே பயிற்சிச் செலவுதான். அது தனித் தலைப்பில் வராமல் பட்டறைக் கணக்கில் கரைந்துவிடுவதால் உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அளவுக்கு மேல் ஏற்றி எடை மேடையில் மாட்டிக்கொண்டால், 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். மூத்த ஓட்டுநர் ஸ்பிரிங் பட்டை படிந்திருப்பதைப் பார்த்தே கூடுதல் எடையைச் சொல்லிவிடுவார். புதியவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் உங்களிடம் சொல்லத் துணிய மாட்டார்.

உயிர்ச்சேதம் ஏற்பட்டால் நிலைமை இன்னும் கடுமை. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் 2 ஆண்டுகள் வரை இருந்த சிறைத்தண்டனை, 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 5 ஆண்டுகள் வரை ஆகியிருக்கிறது. சிறைக்குப் போவது அந்தப் பிள்ளை. 16 டன் லோடை எப்படி நிறுத்துவது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதை எந்த நீதிமன்றமும் அவனுக்காக எழுதி வைக்காது. இதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டு பேரை ஆண்டு முழுவதும் போடச் சொல்லவில்லை. முதல் இரண்டு வாரம் புதியவர் உள்ளூரில் மட்டும் ஓட்டட்டும். ஆனால் லோடோடு ஓட்டட்டும். வண்டியை எடுக்கும் முன் டயர், விளக்கு, எண்ணெய், காற்றழுத்தம் ஆகியவற்றைப் பார்த்து உங்களிடம் வாயால் ஒப்பிக்கட்டும். பிரேக்கை இயக்கும் காற்றுத் தொட்டியில் சேரும் தண்ணீரை வடித்துவிடக்கூடப் பலருக்கு இப்போது யாரும் காட்டித் தருவதில்லை. அதன் பிறகு மூத்தவருடன் மூன்று நான்கு வெளியூர் நடைகள். போகும்போது மூத்தவர் ஓட்ட, திரும்பும்போது புதியவர் ஓட்டலாம். தனியாகப் போகத் தொடங்கிய பின்னும் முதல் மூன்று மாதங்கள் ஒவ்வொரு நடை முடிந்ததும் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த இடத்தில் பயந்தாய் என்று கேளுங்கள். பயப்படவே இல்லை என்று சொல்பவனை இன்னும் ஒரு நடை மூத்தவருடன் அனுப்புங்கள்.

மூத்தவருக்கு அந்த நடைகளில் கற்றுக்கொடுப்பதற்கென்று தனிப்படி கொடுங்கள். இது முக்கியம். கூலி இல்லாமல் கற்றுக்கொடுக்கச் சொன்னால், அவர் பக்கத்தில் படுத்துத் தூங்குவார்.

பையன் போய்விடுவானே என்ற உங்கள் அச்சத்துக்கு என்னிடம் உறுதியான மருந்து இல்லை. சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் பாபநாசத்திலும் கும்பகோணத்திலும் உங்களைப் போல இரண்டு மூன்று வண்டி வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். நீங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு மூத்த ஓட்டுநரை முழுநேரப் பயிற்சியாளராக அமர்த்தி, செலவைப் பங்கிட்டுக்கொண்டால், ஒருவரிடம் கற்றவன் மற்றவரிடம் போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

கேள்வி: இறக்கத்தில் நியூட்ரல் போட்டு விட்டால் டீசல் மிச்சமாகும் என்று எங்கள் மூத்த ஓட்டுநர் சொல்கிறார். அவர் 20 ஆண்டு அனுபவம் உள்ளவர். நம்பலாமா?
– புதிய ஓட்டுநர், நீடாமங்கலம்

பதில்: தம்பி, இதில் அவரை நம்பாதீர்கள். லோடு வண்டியை இறக்கத்தில் பிடித்து வைக்கும் வேலையில் பாதியை எஞ்சின் செய்கிறது. நியூட்ரல் போட்டால் அந்தப் பாதி போய்விடும். முழு எடையும் பிரேக்கின் மேல் விழும். அடிக்கடி மிதிக்க மிதிக்க பிரேக் டிரம் சூடேறி லைனிங் பிடிப்பை இழக்கும். ஒவ்வொரு மிதிக்கும் தொட்டியிலுள்ள காற்றும் செலவாகும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கம்ப்ரசர் அதை நிரப்புவதும் மெதுவாகத்தான். காற்றழுத்தம் காட்டும் முள் சிவப்புக்கு வந்த பிறகு செய்வதற்கு அதிகமில்லை. வேகம் கூடிவிட்ட நிலையில் மறுபடி கியர் போட முயன்றால் பெரும்பாலும் விழாது. மேலும் இன்றைய எஞ்சின்களில் கியரோடு, ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது டீசல் செல்வது தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆகவே மிச்சம் என்ற பேச்சும் தவறு.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது எனக்குச் சொல்லித்தரப்பட்ட பாடம். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள், எஞ்சின் புகை வெளியேறும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொள்ளுங்கள், கால் பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள். உங்கள் மூத்தவருக்கு 20 ஆண்டுகள் எதுவும் நேரவில்லை என்றால் அதற்காக மகிழ்கிறேன். மற்றவற்றில் அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும், கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் கார் ஓட்டும் உரிமம் மட்டும் உள்ளது. மினி லாரியில் காய்கறி ஏற்றிச் செல்லலாமா?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமத்தோடு ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது. உங்கள் வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக முதல் நாளே சந்தைக் கூட்டத்துக்குள் லோடோடு நுழைய வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்துக்கு வரும் லாரிகளில் பாதி பையன்கள் ஓட்டுவது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாய்க்கால். நடுவே ஒற்றைச் சாலை. சென்ற மாதம் ஒரு லாரி ஓரம் சரிந்து வாய்க்காலில் சாய்ந்து, நெல் மூட்டைகள் தண்ணீரில் போயின. பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் சாலை இது. யாரிடம் சொல்வது?
– விவசாயி, குத்தாலம்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கே நேர்ந்தது நினைவுக்கு வந்தது. நான் தனியாக ஓட்டத் தொடங்கிய முதல் மாதம், வெண்ணாற்றங்கரையில் எதிரே வந்த பேருந்துக்கு வழிவிட இடது சக்கரங்களை மண்ணில் இறக்கினேன். முதல் நாள் மழை பெய்திருந்தது. மேலே காய்ந்து கெட்டியாகத் தெரிந்த ஓரம், வண்டியின் எடை ஏறியதும் அப்படியே கரைந்து வாய்க்காலுக்குள் போனது. வண்டி மெதுவாகத்தான் சாய்ந்தது. அந்த மெதுவை நான் இன்றும் மறக்கவில்லை. வயலில் இருந்தவர்கள் ஓடி வந்து என்னை வெளியே இழுத்தார்கள். வண்டியை நிறுத்திக்கொண்டு பேருந்தைப் பின்வாங்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று அன்று மாலை எனக்குத் தொழில் கற்றுத்தந்த ஓட்டுநர் அண்ணன் சொன்னார். லோடு லாரிக்காரன் கரைச் சாலையில் யாருக்காகவும் மண்ணில் இறங்கக் கூடாது என்பதை அவர் எனக்கு முன்பே சொல்ல மறந்திருந்தார்.

டெல்டா மண்ணின் குணத்தை எந்தப் பயிற்சிப் பள்ளியின் பாடப் புத்தகமும் சொல்லாது. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட பிறகு வாய்க்காலோரக் கரை உள்ளுக்குள் ஊறியே இருக்கும். பாலத்தை விட்டு இறங்கியதும் செங்குத்தாக வளையும் சாலைகள் நம் பக்கத்தில் ஏராளம். அங்கே முன் சக்கரம் போகும் வழியில் பின் சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். மதகுச் சுவரை இடிப்பதும், ஓரமாக நிற்கும் சைக்கிளைத் தட்டுவதும் அந்தப் பின் சக்கரம்தான். ஓட்டுநரின் இடது பக்கத்தில், வண்டியை ஒட்டி நடக்கும் பிள்ளை கண்ணாடியில் தெரியவே மாட்டாள். முன்பெல்லாம் அந்தப் பக்கத்துக்குக் கண்ணாக இருந்தவன் கிளீனர்.

செய்யக்கூடியது இது. கொள்முதல் நிலைய வளாகத்தில் லாரி பின்வாங்கும்போது கீழே ஒருவர் நின்று கை காட்டாமல் வண்டி நகரக் கூடாது என்று நிலையப் பணியாளர்களும் சுமை தூக்கும் தொழிலாளர்களும் சேர்ந்து முடிவெடுக்கலாம். அதற்கு எந்த உத்தரவும் வர வேண்டியதில்லை. பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் கரைச் சாலையில் லாரி வர வேண்டாம் என்று ஊராட்சி மூலம் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள். நெல் ஏற்றிச் செல்லும் ஒப்பந்ததாரர்கள் அந்த அலுவலகத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். ஓரம் எங்கே சரியும் என்பது உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அந்த இடங்களில் வெள்ளையடித்த கற்களை நட்டு வையுங்கள். வெளியூர்ப் பையனுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

கேள்வி: நான் எட்டு மாதமாகக் கிளீனராக இருக்கிறேன். ஓட்டக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லித்தான் சேர்த்தார்கள். ஓட்டுநர் அண்ணன் துணி துவைக்கச் சொல்கிறார், கேள்வி கேட்டால் திட்டுகிறார், சில நாட்கள் அடிக்கவும் செய்கிறார். திடீரென்று ஒருநாள் நள்ளிரவில், தூக்கம் வருகிறது என்று ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்துவிட்டுத் தூங்கிவிட்டார். எனக்குப் பழகுநர் உரிமம்கூட இல்லை. இதுதான் தொழில் கற்கும் முறை என்கிறார்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: தம்பி, இது கற்கும் முறை இல்லை. முதல் பதிலில் பழைய முறையைப் புகழ்ந்து எழுதியிருக்கிறேன். அதன் மறுபக்கம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. எங்கள் தலைமுறை ஓட்டுநர்களில் பலர் தாம் வாங்கிய அடியையே பாடம் என்று நினைத்து அடுத்தவனுக்குக் கொடுத்தார்கள். என்னிடம் கிளீனராக இருந்த ஒரு பையனை நானும் கயிறு சரியாகக் கட்டவில்லை என்று கை நீட்டி அடித்திருக்கிறேன். அதன் பிறகு அவன் என்னிடம் எதையும் கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலக் காட்டத் தொடங்கினான். லாரியில் இதைவிட ஆபத்தான பழக்கம் எதுவும் இல்லை. அந்தப் பையனிடம் பல ஆண்டுகளுக்குப் பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

இனி உரிமம் இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். உரிமமில்லாமல் ஓட்டுபவருக்கும், ஓட்ட விடும் உரிமையாளருக்கும் தனித்தனியே 5,000 ரூபாய் அபராதம் உண்டு என்பது சிறிய விஷயம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் உங்கள் முதலாளியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும், வழக்கு உங்கள் மேல் இருக்கும். 20 வயதும், ஓராண்டு பழைய இலகுரக உரிமமும் இருந்தால் உடனே பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். அது கிடைத்த பிறகும், உரிய உரிமம் உள்ளவர் பக்கத்தில் விழித்து உட்கார்ந்து, வேண்டும்போது வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் இருந்தால்தான் நீங்கள் ஓட்டலாம். முன்னும் பின்னும் பழகுநர் அடையாளமும் இருக்க வேண்டும். தூங்குபவர் பயிற்சியாளர் ஆக மாட்டார்.

அந்த அண்ணனுக்குத் தூக்கம் வந்ததன் காரணத்தையும் யோசித்துப் பாருங்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றும், 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்றும் 1961-ஆம் ஆண்டிலேயே சட்டம் வரையறுத்தது. அந்த வரையறைக்குள் ஓடும் லாரியை நான் என் பணிக்காலத்தில் பார்த்தது குறைவு. தூங்காமல் ஓட்டும் ஒருவரால் நிதானமாகக் கற்றுக்கொடுக்கவும் முடியாது. வேறு வண்டி தேடுங்கள். சேரும் முன் முதலாளியிடம் எந்த மாதத்தில் எதைக் கற்றுத்தருவார்கள் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 61 வயது. 35 ஆண்டுகள் வட இந்தியா வரை லாரி ஓட்டினேன்; உயிர்ச்சேதம் ஏதும் நேர்ந்ததில்லை. இப்போது வீட்டில் இருக்கிறேன். பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கலாம் என்று போனால், எட்டாம் வகுப்பு படித்தவரைச் சேர்க்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததை யாருக்குக் கொடுப்பது?
– ஓய்வு பெற்ற ஓட்டுநர், திருவையாறு

பதில்: அண்ணே, பள்ளிக்காரர்கள் சொன்னது விதிப்படி சரி. பயிற்சிப் பள்ளி ஆசிரியருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், 5 ஆண்டு ஓட்டிய அனுபவமும், மோட்டார் இயந்திரத் தொழிலில் சான்றிதழும் வேண்டும் என்று மத்திய விதிகள் சொல்கின்றன. உங்களைப் போன்றவர்களின் 35 ஆண்டுகளை அந்த விதி எண்ணிப் பார்க்கவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். லாரி ஓட்டுவதற்கே முன்பு கேட்கப்பட்ட எட்டாம் வகுப்புத் தகுதியை 2019-இல் நீக்கிவிட்டார்கள்; கற்றுக்கொடுப்பவர்களின் விஷயத்திலும் அனுபவத்துக்கு ஒரு வழி திறந்துவிட்டிருக்கலாம்.

ஆனால் ஏற்கெனவே உரிமம் பெற்ற ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வதற்கு அந்தத் தகுதிகள் எதுவும் தேவையில்லை. உங்கள் போக்குவரத்து வாகன உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அது 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. காலாவதியாகியிருந்தால் கண் பரிசோதனையும் மருத்துவச் சான்றும் முடித்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்; அவசரத்தில் ஸ்டியரிங்கை வாங்க வேண்டி வரலாம். இலவசமாகப் போகாதீர்கள்; நாள் கூலியும் பேட்டாவும் பேசிக்கொள்ளுங்கள். ஒரு நாளில் ஒரு பாடத்துக்கு மேல் சொல்லிக்கொடுக்காதீர்கள். திட்டத் தோன்றும்போது வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி இருவரும் டீ குடியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அதே வாரத்தில்தான் திருத்துறைப்பூண்டித் தாயின் கடிதமும் பாபநாசத்து முதலாளியின் கடிதமும் வந்தன. மூவரும் சம்மதித்து எழுதினால், முகவரிகளை ஒருவருக்கொருவர் அனுப்பிவைக்க இதழ் அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். பாபநாசம் உங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. அந்தப் பையனுக்கு உள்ளூர் நடைகள் ஓட்டிப் பழக இரண்டு வாரம் ஆகும். அதற்குள் உரிமத்தைப் புதுப்பித்து வையுங்கள்.